டி.எஸ்.பி. என்றொரு பாடம் பிறந்த கதை

டி.எஸ்.பி. என்றால் நம் வயதுக்காரர்களுக்கு ஜீப்பில் வந்து இறங்கும் போலீஸ் அதிகாரிதான் ஞாபகத்துக்கு வருவார். அதனால் பேரனோ பேத்தியோ, "தாத்தா, டி.எஸ்.பி.யில அரியர் விழுந்துடுச்சு" என்று சொன்னால் பதற வேண்டாம். அது டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் என்ற பாடம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் யாரும் அதைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது. நான் பல வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதன் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை. அப்படி ஒரு பாடம் உலகத்தில் எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் அதைப் பாடமாக நடத்தத் தொடங்கியபோது, அதைச் செய்து பார்க்கத் தேவையான கருவி எந்த மாணவன் கையிலும் இல்லை.

முதலில் விஷயம் என்ன என்று இரண்டு வார்த்தை.

பேச்சு, பாட்டு, இதயத் துடிப்பு, பூகம்ப அதிர்வு எல்லாம் நேரத்தோடு ஏறி இறங்குகிற அலைகள். இவற்றைத்தான் சிக்னல் என்கிறோம். நம் காலத்தில் ஒரு சிக்னலிலிருந்து வேண்டாததை நீக்க காயிலும் கண்டென்சரும் வேண்டும். வால்வு ரேடியோவில் குமிழைத் திருகி இலங்கை வானொலியைப் பிடித்தோமே, அந்தக் குமிழுக்குப் பின்னால் இருந்ததும் காயிலும் கண்டென்சரும்தான். மற்ற நிலையங்களை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. இதற்கு ஃபில்டர் என்று பெயர்.

அதே வேலையைக் கூட்டல் பெருக்கல் மூலமும் செய்யலாம். தினமும் சர்க்கரை அளவு பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறீர்கள். ஒருநாள் கல்யாணச் சாப்பாடு, ஒருநாள் விரதம். எண்கள் தாறுமாறாகக் குதிக்கின்றன. ஐந்தைந்து நாளுக்குச் சராசரி போட்டு வரிசையாக எழுதினால் குதியாட்டம் அடங்கி, மொத்தத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். அந்தச் சராசரிதான் ஒரு டிஜிட்டல் ஃபில்டர். வேகமான ஆட்டத்தை நிறுத்திவிட்டு மெதுவான போக்கை மட்டும் உள்ளே விடுகிறது. காயிலும் இல்லை, கண்டென்சரும் இல்லை. நோட்டும் பேனாவும் போதும்.

ஆனால் பேச்சை நோட்டில் எழுத முடியுமா? முடியும் என்பதற்கான கணக்கு பழையது. அலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து அளந்து எண்களாக எழுதிக்கொண்டால் போதும். அலையில் உள்ள மிக வேகமான ஆட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக அளக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதைவிடக் குறைவாக அளந்தால் என்ன ஆகும் என்பதைச் சினிமாவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குதிரை வண்டி முன்னால் ஓடும், சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுழலும். கேமரா வினாடிக்கு 24 படம்தான் எடுக்கிறது, சக்கரத்தின் ஆரங்கள் அதைவிட வேகமாகக் கடந்துபோகின்றன. கண் ஏமாறுகிறது. டெலிபோனில் அந்த ஏமாற்றம் வரக்கூடாது என்றுதான் குரலை 3,400 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டிவிட்டு, வினாடிக்கு 8,000 தடவை அளக்கிறார்கள். 1949-ல் க்ளாட் ஷானன் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். அவருக்கு முன்னால் நைக்விஸ்ட், ரஷ்யாவில் கோட்டெல்னிகோவ் எல்லாம் இதைத் தொட்டிருக்கிறார்கள்.

ஆக, 1950-லேயே கணக்கு தயார். ஆனாலும் பாடம் வரவில்லை. காரணம், வினாடிக்கு 8,000 எண்ணை வைத்துக்கொண்டு கூட்டிப் பெருக்க யாரால் முடியும்?

இனி கதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போகிறது. எம்.ஐ.டி. என்றால் நமக்கு குரோம்பேட்டை. அப்துல் கலாம் படித்த இடம். இது அந்த எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள எம்.ஐ.டி. அந்தப் பல்கலைக்கழகம் 1951-ல் லிங்கன் ஆய்வகம் என்று ஒன்றை ஆரம்பித்தது. சோவியத் குண்டு விமானங்களை ரேடாரில் பார்த்து எச்சரிக்கை கொடுப்பதற்காக ராணுவப் பணத்தில் நடந்த இடம். டிரான்சிஸ்டரால் ஆன டி.எக்ஸ்.-2 என்ற பெரிய கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. ஓர் ஆராய்ச்சியாளர் அதன் முன்னால் தனியாக உட்கார்ந்து வேலை செய்யலாம். அந்தக் காலத்தில் அது பெரிய சலுகை. மற்ற இடங்களில் அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

அங்கே பென் கோல்டு என்று ஒருவர். கையால் அடிக்கிற மோர்ஸ் தந்தியைக் கம்ப்யூட்டரே படித்துப் புரிந்துகொள்ளச் செய்து 1959-ல் கட்டுரை எழுதியவர். தந்தி ஆபீஸில் வேலை பார்த்த நண்பர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு தாளம் உண்டு. அடுத்து அவர் இறங்கியது வோகோடர் என்ற கருவியில். குரலைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதை மட்டும் அனுப்பி, மறுமுனையில் குரலைத் திரும்பக் கட்டுவது வோகோடர். பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ரகசியமாகப் பேசிக்கொள்ள உதவிய சிக்சாலி என்ற இயந்திரத்துக்குள் இருந்ததும் இதுதான். அதன் எடை 50 டன்னுக்கு மேல்!

வோகோடருக்குள் வரிசையாக ஃபில்டர்கள் வேண்டும். ஒரு புது யோசனையைச் சோதிக்க வேண்டுமானால் அத்தனை ஃபில்டரையும் காயில் சுற்றி, கண்டென்சர் வைத்து, பற்றவைத்து முடிக்க வேண்டும். கேட்டுப் பார்த்தால் குரல் நன்றாக இருக்காது. மறுபடி பிரித்துச் சுற்ற வேண்டும். கோல்டும், 1961-ல் அங்கே சேர்ந்த இளைஞர் சார்லஸ் ரேடரும், இத்தனை பாடு எதற்கு, டி.எக்ஸ்.-2-க்குள் வோகோடர் மாதிரி ஒரு ப்ரோகிராம் எழுதிப் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் பிறகு கட்டலாம் என்று முடிவு செய்தார்கள்.

இதில் உள்ள "மாதிரி" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அவர்கள் நோக்கம் போலிசெய்வது. உண்மையான ஃபில்டர் வெளியே காயிலில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நிழல். ப்ரோகிராம் ஓட எடுத்துக்கொண்ட நேரமும் அப்படித்தான் நினைக்க வைத்தது. கொஞ்சப் பேச்சைக் கணக்குப் போட்டு முடிக்க, பேசிய நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். நேரடிப் பேச்சுக்கு யார் இதைப் பயன்படுத்தப் போகிறார்கள்?

போலியை நன்றாகச் செய்ய வேண்டும் என்று போனபோது அவர்களுக்கு ஒரு கணித முறை தேவைப்பட்டது. அது கட்டுப்பாட்டுப் பொறியியல்காரர்களிடம் இருந்தது. இசட் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரகாசினியும் ஜாடேவும் 1952-ல் எழுதியது. கோல்டும் ரேடரும் அதை எடுத்து, காயில் ஃபில்டருக்கு இருந்த பழைய சூத்திரங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டார்கள். பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் கைசர் இதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். எண்களைக் குறைந்த இலக்கத்தில் வைத்துக்கொண்டால் பெரிய ஃபில்டர் நிலைகுலைந்துவிடும், அதைச் சின்னச் சின்ன ஃபில்டராக உடைத்துக் கோக்க வேண்டும் என்று காட்டியவர் அவர்.

இந்த இலக்கப் பிரச்சினை சுவாரசியமானது. காயில் ஃபில்டருக்குள் சிக்னல் நின்றால் சத்தமும் மெல்ல அடங்கிவிடும். கணக்கு ஃபில்டரில், விடையை முழு எண்ணாக்கி முழு எண்ணாக்கி எழுதும்போது, சிக்னல் நின்ற பிறகும் ஒரு சின்ன எண் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். யாரும் பேசாத டெலிபோனில் "ம்ம்ம்" என்று ஓர் இழுப்பு கேட்கும். காயிலில் இப்படி ஒரு நோய் கிடையவே கிடையாது. நிழல் என்று நினைத்தது தனக்கென்று ஒரு குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. தனக்கென்று குணம் உள்ள ஒன்றைப் போலி என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

இதற்கிடையில் வேறு திசையிலிருந்து ஓர் உதவி வந்தது. அணுகுண்டு தயவில் வந்தது என்றே சொல்லலாம்.

1963-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் போட்டன. வானத்திலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் தடை. நிலத்துக்கடியில் மட்டும் தடை இல்லை. நிலத்தடியில் வெடித்தது குண்டா, இயற்கையாக வந்த பூகம்பமா என்று தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினமாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். பூகம்ப மானிகளின் பதிவை ஆராய வேண்டுமானால் அதில் எந்தெந்த வேக அலைகள் கலந்திருக்கின்றன என்று பிரிக்க வேண்டும். ஃபூரியர் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிய வழி அதற்கு உண்டு. ஆனால் 1,024 எண்கள் இருந்தால் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல் போட வேண்டும்.

ஜனாதிபதியின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில், ரிச்சர்ட் கார்வின் என்ற இயற்பியலாளர், பக்கத்தில் இருந்த ஜான் டூக்கி ஃபூரியர் கணக்கைக் குறுக்குவழியில் போட ஒரு முறை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். டூக்கி பிரின்ஸ்டனில் புள்ளியியல் பேராசிரியர். இன்று எல்லோரும் சொல்கிறோமே "பிட்", அந்த வார்த்தையை உண்டாக்கியவர் அவர்தான். கார்வினுக்குப் பொறி தட்டியது. தான் வேலை பார்த்த ஐ.பி.எம்.முக்குப் போய், ஜேம்ஸ் கூலி என்ற இளம் கணித நிபுணரிடம் இதற்கு ப்ரோகிராம் எழுதச் சொன்னார். கூலி என்பது அவருடைய குடும்பப் பெயர், நாமாகச் சூட்டியதில்லை. அணுகுண்டு பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. ஹீலியம்-3 படிகத்தின் உள்ளமைப்பு பற்றிய ஆராய்ச்சிக்கு என்று சொல்லி வேலை வாங்கினார். 1965-ல் கூலியும் டூக்கியும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சில பக்கம்தான். பத்து லட்சம் பெருக்கல் என்பது ஏறத்தாழ 5,000 பெருக்கல் ஆனது. எஃப்.எஃப்.டி. என்று மாணவர்கள் நடுங்குகிற பெயர் இதுதான்.

இதில் வேடிக்கை, இதே குறுக்குவழியை காஸ் என்ற ஜெர்மானிய மேதை 1805 வாக்கிலேயே கண்டுபிடித்திருந்தார். ஃபூரியர் தன் வேலையை வெளியிடுவதற்கும் முன்னால்! பாலஸ் போன்ற சிறுகோள்களின் பாதையைக் கணிக்க அவருக்கு அது தேவைப்பட்டது. லத்தீனில் எழுதி வைத்துவிட்டார், வெளியிடவில்லை. அவர் இறந்த பிறகு தொகுப்பில் அச்சானது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1984-ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய நூல்களைத் துருவி இதை விரிவாக எழுதினார்கள்.

கூலி-டூக்கி கட்டுரை வந்த மறுவருஷமே, எம்.ஐ.டி.யில் இருந்த டாம் ஸ்டாக்கம், இந்தக் குறுக்குவழியைக் கொண்டு ஃபில்டர் கணக்கையும் வேகமாகப் போடலாம் என்று காட்டினார். இவரைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகவேண்டும். பின்னாளில் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போன ஸ்டாக்கம், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான என்ரிகோ கரூசோவின் இசைத்தட்டுகளிலிருந்து, பழைய குழாய்வாய்ப் பதிவு சேர்த்த தகரக் குரலைக் கணக்குப் போட்டு நீக்கினார். அதே மனிதரைத்தான் 1973-ல் வாட்டர்கேட் வழக்கில் நீதிமன்றம் நியமித்த நிபுணர் குழுவில் சேர்த்தார்கள். நிக்சனின் ஒலிநாடாவில் 18½ நிமிஷம் காணாமல் போயிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? செயலாளர் கால் தவறிப் பெடலை மிதித்துவிட்டார் என்றார்கள். குறைந்தது ஐந்து தடவை தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று அந்தக் குழு சொன்னது.

1968 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் இந்தத் துறைக்காரர்கள் ஒன்றாகக் கூடினார்கள். ஏறத்தாழ நூறு பேர். 1970-ல் மறுபடி கூடினார்கள். ஒரு துறை பிறந்துவிட்டது என்பதற்கு எனக்குப் பெரிய அடையாளமாகப் படுவது வேறொன்று. 1972-ல் ஒரு குழுவாக உட்கார்ந்து, இந்தத் துறையில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதுவரை ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். டூக்கி இன்னும் ஒருபடி மேலே போய், 'ஸ்பெக்ட்ரம்' என்ற வார்த்தையின் எழுத்துகளை முன்பின்னாக மாற்றி 'செப்ஸ்ட்ரம்' என்று ஒரு பெயர் வைத்தார். விளையாட்டாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் எல்லோரும் அதை அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன்.

ஆலன் ஓப்பன்ஹைம். அணுகுண்டு ஓப்பன்ஹைமர் வேறு, இவர் வேறு. எம்.ஐ.டி.யில் படித்து 1964-ல் டாக்டர் பட்டம் வாங்கி அங்கேயே ஆசிரியர் ஆனார். அவருக்கு வழிகாட்டி அமர் போஸ். போஸ் ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பித்தாரே, அவரேதான். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் மகன். ஓப்பன்ஹைம் 1967 முதல் 1969 வரை கல்லூரியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு லிங்கன் ஆய்வகத்தில் கோல்டு, ரேடர் கூட்டத்தோடு வேலை செய்தார். கோல்டும் ரேடரும் 1969-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஓப்பன்ஹைமும் ஸ்டாக்கமும் ஆளுக்கொரு பகுதி எழுதினார்கள்.

கல்லூரிக்குத் திரும்பியவர் இதையே ஒரு பாடமாக நடத்த ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது முப்பது சொச்சம்தான். யோசித்துப் பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற மாணவனிடம் கம்ப்யூட்டர் இல்லை. இந்தக் கணக்கை நேரடிப் பேச்சின் வேகத்துக்குப் போடக்கூடிய மலிவான சிப் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. வேலைக்குப் போனால் கம்பெனியில் காயில்தான் சுற்ற வேண்டும். சமையல் பாத்திரமே இன்னும் வராத ஊரில் சமையல் வகுப்பு நடத்துவது போல! பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களின் பொழுதுபோக்கு இது என்று நினைத்தவர்கள் அன்று நிறைய. என்னைக் கேட்டால், அந்தச் சூழ்நிலையில் இப்படி ஒரு பாடத்தைத் தொடங்கிய துணிச்சலை எஃப்.எஃப்.டி.க்குச் சமமாக வைப்பேன். குறுக்குவழி இல்லாமலே இருந்தாலும் கம்ப்யூட்டரின் வேகம் எப்படியும் கூடியிருக்கும். ஆனால் சிப் வந்த நாளில் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்றால், அதற்கு இந்த மாதிரி வகுப்புகள்தான் காரணம்.

வகுப்புக் குறிப்புகள் வளர்ந்து புத்தகமாயின. உடன் எழுதியவர் ரொனால்ட் ஷேஃபர். ஓப்பன்ஹைமிடம் படித்து, எதிரொலியை நீக்குவது பற்றி ஆராய்ச்சி செய்து 1968-ல் பட்டம் வாங்கி, பெல் ஆய்வகத்துக்குப் போனவர். 'டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்' என்ற அந்தப் புத்தகம் 1975-ல் பிரென்டிஸ் ஹால் பதிப்பாக வந்தது. அதே வருஷம், அதே பதிப்பகத்தில், லாரன்ஸ் ரபினரும் பென் கோல்டும் எழுதிய இன்னொரு தடிமனான புத்தகமும் வந்தது. இரண்டுமே நல்ல புத்தகம். ஆனால் வகுப்பறையைப் பிடித்தது ஓப்பன்ஹைம்-ஷேஃபர்.

ஏன் என்றால் அது ஆரம்பிக்கிற இடம் அப்படி. முதல் அத்தியாயத்தில் மின்சாரமே முக்கியமில்லை. வரிசையாக எண்கள். அந்த வரிசையை உள்ளே விட்டால் இன்னொரு வரிசை வெளியே வருகிறது. அந்த எண்கள் குரலிலிருந்து வந்ததா, பங்குச் சந்தையிலிருந்து வந்ததா, பூமி அதிர்ச்சியிலிருந்து வந்ததா என்று கவலையில்லை. எண் வரிசைக்கென்றே ஒரு சொந்தக் கணிதம், அதற்கென்றே ஃபில்டர், அதற்கென்றே நோய் நொடி. காயில் ஃபில்டரைப் போலி செய்வது பிறகு வருகிறது, பல வழிகளில் ஒரு வழியாக. கோல்டும் ரேடரும் நிழலாக ஆரம்பித்ததை இந்தப் புத்தகம் நிஜமாக்கி உட்கார வைத்தது. 1989-ல் இருவரும் இதைப் புதுப்பித்தபோது தலைப்பில் 'டிஜிட்டல்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'டிஸ்க்ரீட் டைம்' என்று வைத்தார்கள். எண்ணை எந்தக் கருவியில் வைத்திருக்கிறோம் என்பது முக்கியமில்லை, நேரத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டதுதான் விஷயம் என்பது அதன் பொருள்.

நம் ஊருக்கு அது பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியாவின் மலிவுப் பதிப்பாக வந்தது. மெல்லிய தாள், அட்டை சீக்கிரம் பிய்ந்துவிடும். பிறகு இங்கேயே எழுதப்பட்ட புத்தகங்கள் வந்தன. புதுச்சேரி ரமேஷ்பாபுவின் புத்தகமும், சாலிவாகனன், வல்லவராஜ், ஞானப்ரியா மூவரும் எழுதிய புத்தகமும் நம் பிள்ளைகள் பலர் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கும். பரீட்சைக்கு அவைதான் கைகொடுத்தன. மூலப் புத்தகம் புரிய வைக்கும், இவை பாஸ் போட வைக்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். இரண்டும் தேவைதானே.

நம் பரீட்சை முறையைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு எண்களைக் கொடுத்து, எஃப்.எஃப்.டி. போட்டுக் காட்டு என்று 16 மார்க் கேள்வி தவறாமல் வரும். பட்டாம்பூச்சிப் படம் வரைந்து, மூன்று அடுக்காகக் கையால் கணக்குப் போட வேண்டும். நேரடியாகப் போட்டால் 64 பெருக்கல், பட்டாம்பூச்சியில் 12. கம்ப்யூட்டருக்காக எழுதின முறையை மனிதன் கையால் போடுவதாவது என்று வெளியிலிருந்து வந்த இளம் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். காஸ் என்ன செய்தார்? சிறுகோள் கணக்கில் பன்னிரண்டு எண்களை வைத்துக்கொண்டு இறகுப் பேனாவால் இதையேதான் போட்டார். நம் பையன்கள் அந்த வகையில் காஸுக்கு நேர் வாரிசுகள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டு எண்ணைச் சரியாகப் போட்ட மாணவனைக் கூப்பிட்டு, "இந்த விடை என்னப்பா சொல்கிறது, இதில் எந்த அலை அதிகமாக இருக்கிறது?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது.

கருவி வந்து சேர்ந்தது 1980 வாக்கில். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978-லேயே 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்று ஒரு பொம்மை விற்றது. குழந்தைக்கு வார்த்தை சொல்லி எழுத்துக் கூட்டச் சொல்லும். பொம்மைக்குள் பேச்சை உருவாக்கும் டிஜிட்டல் ஃபில்டர் சிப். 1983-ல் அதே கம்பெனி டி.எம்.எஸ்.32010 என்ற சிப்பைக் கொண்டு வந்தது. ஒரு பெருக்கலுக்கு 200 நானோ வினாடி. ஒரு வினாடியில் ஐம்பது லட்சம்! டி.எக்ஸ்.-2 அறை முழுக்க நின்று திணறின வேலையை நகம் அளவு சிப் பேசுகிற வேகத்திலேயே செய்தது. 1985-ல் அந்தக் கம்பெனி பெங்களூரில் அலுவலகம் திறந்தது. நம் கல்லூரி லேபுகளிலும் அந்த வரிசைச் சிப் வைத்த பயிற்சிப் பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. நாலு பேருக்கு ஒரு பெட்டி. ஒருவன் தட்டுவான், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் மைக்கில் பேசின குரல் எதிரொலியோடு ஸ்பீக்கரில் திரும்பி வந்த அன்று அந்த லேபில் கேட்ட கூச்சலை வேறெந்த லேபிலும் நான் கேட்டதில்லை.

இன்று நம் வயதுக்கு இந்தப் பாடம் ரொம்ப நெருக்கம். ஈ.சி.ஜி. எடுக்கும்போது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கோட்டில் சேர்ந்துகொள்ளும். அதைக் கழித்துவிட்டு இதயத்தை மட்டும் காட்டுவதற்கு ஒரு முறையை பெர்னார்ட் விட்ரோவும் குழுவினரும் எழுதினது அதே 1975-ல். தாயின் இதயத் துடிப்பை நீக்கிவிட்டு வயிற்றில் உள்ள குழந்தையின் துடிப்பை மட்டும் பிரிப்பதும் அந்தக் கட்டுரையில் உண்டு. காதுக் கருவியும் அப்படித்தான். முழுக்க டிஜிட்டலான காதுக் கருவிகள் 1990-களின் நடுவில் சந்தைக்கு வந்தன. முந்தினது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும். இதில் உங்கள் காது எந்தப் பட்டையில் மங்கியிருக்கிறதோ அதை மட்டும் தூக்கலாம். அதே வோகோடர்காரர்கள் பட்டை பிரித்த வேலைதான், காது மடலுக்குப் பின்னால்.

இவ்வளவு ஆன பிறகு பாடம் நடத்துகிறவர்களுக்குள் ஒரு சண்டை வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது? காலங்காலமாக ரெசிஸ்டர், கண்டென்சர், சர்க்யூட் என்று ஆரம்பித்து, இரண்டு வருஷம் கழித்து டி.எஸ்.பி.க்கு வருவார்கள். 1974-ல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் போன ஷேஃபர், அங்கே வந்து சேர்ந்த ஜேம்ஸ் மெக்லெல்லனோடும் மார்க் யோடரோடும் சேர்ந்து இதைத் தலைகீழாகப் புரட்டினார். மூவரும் எழுதிய 'டி.எஸ்.பி. ஃபர்ஸ்ட்' 1998-ல் வந்தது. பெயரிலேயே வாதம் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே ஸைன் அலை, இரண்டு அலையைக் கூட்டினால் எப்படிக் கேட்கும், கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைக் கட்டு, ஒரு படத்தை மங்கலாக்கு, பிறகு தெளிவாக்கு. சர்க்யூட் பிறகு வரட்டும். கம்ப்யூட்டர் முன்னால் வளர்ந்த பிள்ளைக்குக் கண்டென்சரைவிட எண் வரிசை பழக்கமானது என்பது அவர்கள் கட்சி.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஷாக் அடித்துக் கற்றுக்கொண்ட ஆள் நான். எண்ணாக மாறுவதற்கு முன்னால் அந்தக் குரல் ஒரு கம்பிக்குள் மின்சாரமாக வருகிறதே, அதைத் தெரியாமல் மேலே கட்டினால் அஸ்திவாரம் இல்லாத வீடு போல எனக்குப் படும். ஆனால் சர்க்யூட் வகுப்பில் தூங்கி வழிந்த பிள்ளைகள் தன் குரலைத் தானே மாற்றிக் கேட்கிற அன்று விழித்து உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் நெடுங்காலம் இந்தப் பாடம் மூன்றாம் ஆண்டில்தான் இருந்தது. அதற்குள் ஆர்வம் எங்கோ போயிருக்கும்.

ஓப்பன்ஹைம் 1975-ல் நடத்திய வகுப்புகளை அப்போதே வீடியோவில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். மொத்தம் 20 வகுப்பு. எம்.ஐ.டி. அவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. நம் சென்னை ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் டி.எஸ்.பி. வகுப்புகளும் என்.பி.டி.இ.எல். தளத்தில் இருக்கின்றன. பேரனுக்கு அரியர் இருந்தால் அனுப்பி வையுங்கள். நீங்களும் முதல் இரண்டு வகுப்பைப் பார்க்கலாம், அதுவரைக்கும் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கே போதும். மூன்றாவதிலிருந்து கொஞ்சம் மூச்சு வாங்கும்.